யாரும் தொடாமலே இறங்கும் பேட்டரி

மார்ச் 3

கார் பேட்டரியைத் தின்பது அலாரம் இல்லை, ரேடியோவும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாயிற்று. சார்ஜ் ஏற்றி வைத்தாலும் சில நாளில் கார் மறுபடி ஊமையாகிவிடுகிறது. இத்தனைக்கும் புது பேட்டரி.

அக்காவின் கணவர், என் மாமா, கப்பல் வேலைக்குப் போகும்போது கார் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். "உங்கக்காவுக்கு வலி எடுத்தா நீதான் கூட்டிட்டுப் போகணும்." இது ஒன்பதாவது மாதம். எங்கள் தெருவுக்கு டாக்சி வருவதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும்.

அப்பா சொல்கிறார்: "காலேஜைப் பாதியில விட்டவன், அவளையும் பாதி வழியில விட்டுருவான்."

மார்ச் 4

பேட்டரியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டேன். மீட்டரில் 12.6 வோல்ட், முழு சார்ஜ். கார் உறிஞ்சுகிறதா, பேட்டரி தானாகவே இறங்குகிறதா என்று இதில் தெரிந்துவிடும்.

அக்கா ஜன்னலில் நின்றாள். "இன்னிக்கே வலி எடுத்தா?"

"மாட்டிருவேன்."

"ஸ்பானர் எங்கன்னு என்னைக் கேட்டுட்டு நிக்காதே."

மார்ச் 7

12.3. கம்பியே இல்லை. அப்புறம் எங்கதான் போகுது? கடுப்பா இருக்கு. அப்பா சொன்னதுதான் நடக்கப் போகுதா?

மார்ச் 8

பிடித்துவிட்டேன்.

மீட்டரின் ஒரு ஊசியை நெகட்டிவ் முனையில் வைத்து, மற்றதைப் பேட்டரியின் மேல்பக்கம் சும்மா இழுத்தேன். வெறும் பிளாஸ்டிக், ஒன்றும் காட்டக் கூடாது. காட்டுகிறது!

மாமாவுக்கு போன் போட்டேன். "துருப்பிடிக்கக் கூடாதுன்னு மேல எண்ணெய் தடவிட்டு வந்தேன்டா. மினுமினுன்னு இருக்குல்ல?"

மினுமினுப்பாம். எண்ணெயில் தூசி ஒட்டி, அதில் ஆசிட் ஈரம் ஊறி, இரண்டு முனைக்கும் நடுவில் கரண்ட் நடந்து போக பாதை போட்டிருக்கிறது. மனுஷன் பாசமாகத்தான் செய்திருக்கிறார். என்னவென்று திட்டுவது?

மூடிகளை இறுக்கிவிட்டு சோப்புத் துணியால் எண்ணெயை எடுத்தேன். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர். புஸ்ஸென்று நுரைத்தது. துடைத்துக் காயவைத்து சார்ஜில் போட்டேன்.

"என் சோடா டப்பா காலி," என்றாள் அக்கா. "குழந்தைக்கு பேட்டரின்னே பேர் வெச்சுரு."

மார்ச் 12

12.6. நேற்றும் அதே. முந்தாநாளும் அதே.

கம்பியை மாட்டிவிட்டேன். இனி தினமும் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "எதுக்கும் டாக்சி நம்பரை எழுதி வெச்சிருக்கேன்," என்றார்.

மார்ச் 15

அக்காவுக்கு வலி. உடை மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவ வர்ற வரைக்கும் சும்மா நிக்க முடியல, அதான் எழுதுறேன். வாசலில் கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. அப்பா டாக்சிக்கு போன் பண்ணவே இல்லை. ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். "மெதுவா ஓட்டுடா, போதும்," என்கிறார்.

அக்கா வந்துட்டா. போகணும்.