வார்டு மாற்றிய செய்தி வீட்டுக்கு வராதது பற்றி

அனுப்புநர்:
மு. அப்புசாமி (வயது 64),
ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்,
புக்கிட் கெலாடி தோட்டம்,
செலண்டார், மலாக்கா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
புக்கிட் செராயா மருத்துவமனை,
மலாக்கா.

பொருள்: 23.4.2024 அன்று என்னை வேறு வார்டுக்கு மாற்றியதை என் மனைவிக்குத் தெரிவிக்காதது குறித்துப் புகார். (மலாய்ப் படி இணைக்கப்பட்டுள்ளது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. சர்க்கரை நோயால் காலில் புண் ஏற்பட்டு, தங்கள் மருத்துவமனையில் ஐந்தாம் வார்டில் சேர்ந்திருந்தேன். மேற்படி நாள் காலை பத்து மணிக்கு என்னை மேல்மாடியிலுள்ள ஏழாம் வார்டுக்கு மாற்றினார்கள். சிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தாதியர் தங்கமானவர்கள்.

2. அவசரத்தில் என் கைலி, செருப்பு, கைப்பேசி மூன்றும் பழைய கட்டிலடியிலேயே தங்கிவிட்டன. பகல் பார்வை நேரத்தில் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பெரியநாயகி, கட்டில் காலியாகி, மெத்தையை மருந்து போட்டுத் துடைப்பதைக் கண்டார். ஓர் ஊழியர் என் பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பெயர் எழுதி, அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

3. விசாரிக்காமல் போனது என் மனைவியின் தவறு என்று தங்கள் முகப்பு அலுவலர் பிறகு சொன்னார். 2019-இல் என் மனைவியின் அண்ணன் இதே மருத்துவமனையில் இறந்தபோது, துணியையும் செருப்பையும் இப்படித்தான் பையில் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர் எதை விசாரிப்பது?

4. அழுதுகொண்டே பஸ் ஏறி வீடு வந்தார். மூன்று மணிக்குள் வாசலில் கூடாரம் போட்டாயிற்று. அன்று எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள். தோட்டத்தில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை பூசை கிடையாது என்பதால் கோவிலைச் சாத்தினார்கள். நான் ஏதோ வேண்டுமென்றே சாகாமல் இருந்ததுபோல, கோவில் தலைவர் இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

5. மாலையில் பக்கத்து வீட்டுக் கோகுலராஜ் என் சடலத்தைப் பெற்றுக்கொள்ள வந்தார். அன்று அந்தப் பெயரில் இறப்பே இல்லை என்று கணினியைப் பார்த்துச் சொல்லி, அவரை ஏழாம் வார்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நான், வீட்டிலிருந்து ஏன் சாப்பாடு வரவில்லை என்று அவரிடம் கோபப்பட்டேன். அவர் கட்டிலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

6. ஊரே சிரித்தது. வீடு திரும்பிய முதல் இரண்டு நாள் நானும் சிரித்தேன். ஐந்து மணி நேரம் கைம்பெண்ணாக இருந்த என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அழித்த பொட்டை இன்னும் அவர் திரும்ப வைக்கவில்லை. அதைப் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை.

7. வரும் 20.5.2024 அன்று காலில் ரத்தக் குழாய் அறுவைக்காக, தங்கள் மருத்துவமனை வழியாக என்னை வேறொரு பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால் பாதத்தையே எடுக்க நேரும் என்று டாக்டர் எச்சரித்துள்ளார். மாற்றல் கடிதத்தை என் மனைவி எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார். "கால் போனா போவட்டும்லா. இன்னொரு தடவ உங்கள நான் தேட முடியாது" என்கிறார்.

8. நான் நட்ட ஈடு கேட்கவில்லை. நோயாளியின் கட்டிலை நகர்த்துமுன் வீட்டாரை அழைத்துச் சொல்வதைத் தாங்கள் கட்டாயமாக்க வேண்டும். 20-ஆம் தேதிக்குமுன் தங்கள் தரப்பில் ஒருவர் என் மனைவியை அழைத்து அந்த வாக்கைக் கொடுத்தால் கடிதம் வெளியே வரும். அவருடைய எண்ணைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். என்னிடம் சொல்லாமல் என்னை எங்கே கொண்டுபோனாலும் பரவாயில்லை, ஐயா. அவரிடம் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள்.

இடம்: செலண்டார்
நாள்: 6.5.2024

பணிவுடன்,
மு. அப்புசாமி
(ஒப்பம்)