மேட்டில் தானாக ஏறிய வண்டி

மஸ்கெலியா
12.10.1960

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எப்போதும் அப்பா எழுத்தில் வரும் கடிதம் இந்தத் தடவை என் கோணல் எழுத்தில் வந்ததைப் பார்த்ததுமே நீ பயந்துபோயிருப்பாய். அதனால் முதலில் இதைப் படித்துக்கொள், அப்பா உயிரோடு இருக்கிறார். இடது கால் உடைந்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். உடைத்தது நான்தான். வண்டியை விட்டு உடைத்தேன். கொழுந்துக் கூடையைத் தவிர ஒன்றையும் அறியாத உன் அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்து புருசன் மேலேயே விட்டாள் என்றால் நீ நம்புவாயா? எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை, சோறு வடிக்கும்போது திடீரென்று நினைவு வந்து கை அப்படியே நின்றுவிடுகிறது.

தோட்டத்துத் துரை வாங்கிய அமெரிக்கா பிக்கப்பைப் பற்றி அப்பா உனக்கு எழுதியிருக்கிறார் அல்லவா, கியர் தானாகவே மாறிக்கொள்ளும், கிளச்சு கிடையாது, இரண்டே மிதி. அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே அதைக் கண்டால் ஆகாது. 'தையல் மெசின் மிதிக்கிற மாதிரி மிதிச்சிக்கிட்டு, இதெல்லாம் ஒரு வண்டியா' என்று முனகிக்கொண்டேதான் ஓட்டுவார், ஒரு நாள்கூட அதை வண்டி என்று வாயாரச் சொன்னதில்லை, துரையோட பெட்டி என்றுதான் சொல்வார். அந்தப் பெட்டி மழைக்காலத்திலிருந்து வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. மேட்டில் ஏறாமல் உறுமும், பிரேக்கை விட்டால் பின்னால் சரியும். அட்டன் டவுன் பட்டறையில் காட்டினால் இந்தக் கியர்ப்பெட்டியை நாங்கள் தொட்டதே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். துரை கொழும்புக்கு அனுப்பப் போவதாகவும் அங்கிருந்தே இந்த மாதிரி வண்டி தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூட்டிவரப் போவதாகவும் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. டிரைவர் வேலை போனால் இந்த வயதில் மறுபடியும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவேண்டும், டிரைவருக்கென்று கொடுத்த இந்த வீட்டையும் விட்டு லயத்து ஒற்றை அறைக்குத் திரும்பவேண்டும். அதனால்தான் மாப்பிள்ளைக்கு எழுதிக் கேட்டார். அவரும் தன் பட்டறை வேலைக்கு நடுவில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார், பழைய எண்ணெயை இறக்கு, அடித்தட்டைக் கழற்றிச் சல்லடையைக் கழுவு, புது எண்ணெய் விடு என்று. அப்பா அதை எடுத்துக்கொண்டு துரையிடம் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்க, நானே பார்த்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். துரை 'பாரு, கெடுத்தா அப்புறம் நீ டிரைவர் இல்ல' என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

கராஜுக்குள் தரை சாய்வு என்பது உனக்குத் தெரியும், வண்டியின் மூக்கு மேட்டில் கற்சுவரைப் பார்த்து நிற்கும். அப்பா பின் சக்கரம் இரண்டுக்கும் பின்னால் பெரிய பெரிய கல்லாகப் போட்டுவிட்டுச் சாக்கை விரித்து அடியில் புகுந்துகொண்டார். நான் தேத்தண்ணி கொண்டுபோன நேரத்தில் வெளியே வந்தார் பார், நெஞ்செல்லாம் சிவப்பு. தேத்தண்ணி வாளியைப் போட்டுவிட்டு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு வேலாயி ஓடி வந்துவிட்டாள். பார்த்தால் அந்தக் கியர்ப்பெட்டி எண்ணெயே சிவப்பாம்! எண்ணெய் எங்கேயாவது சிவப்பாக இருக்குமா, மாப்பிள்ளையாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். தட்டின் அடியில் கறுப்பாக மண்டி பிடித்திருந்தது, சல்லடை அடைத்துப்போயிருந்தது, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி மாட்டிப் புது எண்ணெயும் விட்டாயிற்று. இனி எஞ்சினை ஓடவிட்டு ஒரு ஆள் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர்க் கைப்பிடியை ஒவ்வொரு கோடாகத் தள்ளவேண்டும், இன்னொரு ஆள் முன்னால் நின்று கம்பியை இழுத்து எண்ணெய் மட்டம் பார்க்கவேண்டும். கொழுந்து லொறி ஓட்டும் சோலைமலையைக் கூப்பிட்டால் 'அந்த ரெண்டு மிதி வண்டில நான் காலு வைக்கமாட்டேண்ணே' என்று நழுவிவிட்டான். அப்பா என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்றேன். 'சும்மா ஒக்காரு புள்ள, பெரிய மிதிய மிதிச்சிக்கிட்டு இருந்தாப் போதும்' என்றார்.

ஏறி உட்கார்ந்தேன் நாகு. சொன்ன கோட்டுக்கெல்லாம் கைப்பிடியைத் தள்ளினேன். அழுத்தி அழுத்தி எனக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது, கால் வலிக்குதுங்க என்றேன். அவர் முன்னால் குனிந்து நின்றபடி 'எடுத்துடு, இந்த மேட்டுல அது பின்னாலதான் சரியும், கல்லு கெடக்கு' என்றார். எடுத்தேன். வண்டி முன்னால் போனது. நான் வேறொன்றையும் மிதிக்கவில்லை, சத்தியமாக மிதிக்கவில்லை, அது தானாகவே மேட்டில் ஏறியது. இந்த மலையில் எவனும் வண்டி பின்னால் உருளாமல் இருக்கத்தான் கல் வைப்பான், மேட்டைப் பார்த்துத் தானாக ஏறும் என்று யாருக்குத் தெரியும். கைப்பிடியை நியூட்ரல் கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்ல அவரும் மறந்துவிட்டார். வண்டிக்கு உடம்பு சரியாகிவிட்டது, அது சரி பண்ணிய மனுசனுக்கே தெரியவில்லை. நான் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தபோது அவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தார். ஒரு சத்தம் கேட்டது, அதை எழுதமாட்டேன். நான் அலறிக்கொண்டு இறங்கப் பார்த்தேன். கால் எடுத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய் மெதுவாகத்தான் சொன்னார், 'புள்ள, எறங்காத. மிதிச்ச கால எடுக்காத. கைப்பிடியத் தூக்கிக் கடைசிக் கோட்டுக்குத் தள்ளு, அதுதான் பின்னால போறது. தள்ளிட்டியா? கோட்டப் பாத்துச் சொல்லு. இப்ப மெதுவா கால எடு.' தப்பான கோட்டில் இருந்தால் அவரை நசுக்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வண்டி பின்னால் போய்க் கல்லில் முட்டி நின்றது.

அவர் மேலெல்லாம் சிவப்பாகப் பார்த்துவிட்டு லயத்துச் சனம் செத்துப்போனார் என்றே ஒப்பாரி வைத்துவிட்டது. அது அத்தனையும் எண்ணெய், காலில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை, எலும்பு உள்ளேயே நொறுங்கியிருந்தது. சோலைமலைதான் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், தான் உட்காராமல் போன குற்றத்துக்கு வழியெல்லாம் அழுதான். உன் அப்பாவோ லொறியில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து என்ன கேட்டார் தெரியுமா? 'வெட்டாம இழுத்திச்சில்ல?' என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மற்றக் காலையும் உடைத்திருப்பேன்.

டாக்டர் எலும்பு கூடிவிடும், முட்டி இனி மடங்காது என்று சொல்லிவிட்டார். கிளச்சு மிதிக்க முடியாத ஆள் என்ன டிரைவர் என்று துரை புது ஆள் பார்ப்பதாகவும் கட்டுப் பிரித்ததும் வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்றும் பெரிய கிளாக்கரிடம் சொல்லி அனுப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அந்த ஆசனத்தில் நான் உட்கார்ந்திருந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன், அப்போதுதான் மண்டையில் உறைத்தது, பதறிப்போய் இரண்டு காலையும் போட்ட அந்த ஒரு தடவையைத் தவிர, அவர் சொன்னபோதெல்லாம் நான் மிதித்தது வலது காலால். இடது காலை மடக்கி ஆசனத்துக்கு அடியில் வைத்திருந்தேன், அதற்கு அங்கே வேலையே இல்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பங்களாவுக்கு ஏறினேன். போன வேகத்தில் சொல்லிவிட்டேன், 'தொரைங்களே, ஒங்க பிக்கப்புக்கு எடது கால் எதுக்குங்க? நானே ஒத்தக் கால்ல ஓட்டிட்டேனே' என்று. துரை அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு தேயிலை ஸ்டோர் மேடு வரைக்கும் ஏறிப் போய்த் திரும்பி வந்தார், துளி வெட்டு இல்லை. இறங்கி வந்து 'கட்டுப் பிரிச்சி அவனே வரட்டும், வீடு இருக்கட்டும். ஆனா நீ என் வண்டி கிட்ட வராதே' என்றார். பங்களா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் இதைப் பதமாகப் படித்துக் காட்டு, அவர் மேல் ஒரு குறையும் இல்லை, அவர் எழுதியபடி செய்துதான் வண்டி சரியானது. இனி யாருக்காவது எழுதிக் கொடுத்தால் கைப்பிடியை நியூட்ரல் கோட்டுக்குக் கொண்டுவராமல் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே என்று முதல் வரியிலேயே எழுதச் சொல். குழந்தைக்குப் பனியில் தலையை மூடு, நீ பால் குடிக்காமல் இருக்காதே. இதைக் கேட்டுப் பயந்துபோய்க் கப்பல் ஏறிவிடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். முருகன் உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

துரை சொன்னதை நேற்று ஆஸ்பத்திரியில் போய் அப்பாவிடம் சொன்னேன். நான் புறப்படும்போது கூப்பிட்டுச் சொன்னார், 'சோலைமலைகிட்டச் சொல்லு, மழையில நனைய விடாம என் வண்டிய உள்ள போடச் சொல்லு' என்று.

இப்படிக்கு
உன் அம்மா
வீரம்மா