துவக்கைக் கொண்டுபோன பிறகு

டிக்கோயா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கிருஷாந்திக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். குவைத்துக்குத் திரும்பும் சுதர்ஷினியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் கிண்டல் பண்ணிக் கெடுத்துவிடுவேன்.

போன மாதம் உன் தம்பி ஜீவராஜ் துவக்கோடு என்னைத் தேடி வந்தான். காட்டுப்பன்றி விரட்ட லைசன்ஸ் வாங்கினானே, அதேதான். வானத்தைப் பார்த்துத்தான் சுட்டான். நான் அதற்குள் கோழிக்கூட்டுக்குள் பாய்ந்துவிட்டேன். வெளியே இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. லயத்துச் சனமே சிரித்தது. கோழி இரண்டு நாள் முட்டையிடவில்லை.

பொலிஸ் வந்து துவக்கைக் கொண்டுபோனது. நல்லதுதான். அது இன்னும் அவன் கையில் இருந்தால், இதை எழுத நான் இருப்பேனோ என்னவோ. பிறகு தோட்டத் தலைவர் அவன் வீட்டுக் கத்திகளையும் வாங்கி வைத்தார். ஆனால் அவன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன் ஆயிற்றே. காலையில் கங்காணி கத்தியைக் கொடுக்கிறார், வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறார். பகல் முழுக்கக் கூரான கத்தியோடு மலையில் நிற்கிறான். தேயிலையைத் தவிர எதற்கும் கீறல் இல்லை. வெறும் கையோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குப் பயம். வெள்ளிக்கிழமை கதவில் தலையை மோதிக்கொண்டான். ஆறு தையல். கதவையும் கழற்றி வைக்கலாமா என்று தலைவர் யோசிக்கிறார்.

ஏன் சுட்டான் என்ற இடத்தில் பொலிஸ் குடி என்று எழுதிக்கொண்டது. குடி இல்லை, நான்தான். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பத்துப் பேர் முன்னால் அவனிடம், "என்ன மச்சான், பன்னியெல்லாம் ஒங்களத் தேடி வருது, பொண்டாட்டி மட்டும் ஒரு போன் கோல் எடுக்க மாட்டேங்குது" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்கு லைசன்ஸ் கேட்க ஆளில்லை.

தையல் போட்டுக் கூட்டிவரும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடியே, "நீங்க சொன்னது பொய்யில்லையே மச்சான். அவ பேசி அஞ்சு மாசமாச்சு" என்றான். எனக்கு அப்போது கிண்டல் ஒன்றும் வரவில்லை.

அவன் பெண்டாட்டி பிரியந்தி அங்கே வேலை செய்யும் வீடு நீ இருக்கும் வீட்டிலிருந்து தூரமில்லை என்றாயே. லீவு கிடைத்தால் போய்ப் பார். அவன்மேல் கோபமா, இல்லை, போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார்களா, கேள். திட்டுவதற்காகவாவது ஒரு தடவை அவனைக் கூப்பிடட்டும்.

அதுவரை அவனுக்கு நம் வீட்டில்தான் படுக்கை. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நான் படுக்கிறேன்.

நீயும் கூப்பிட்டு இரண்டு வாரமாகிறது. வேலை இருக்கும். சும்மா சொன்னேன், என்னிடம்தான் துவக்கு இல்லையே. மாரியம்மன் உன்னையும் பிரியந்தியையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
போனைக் கையிலேயே வைத்திருக்கும்
முத்துலிங்கம்