அட்டைப் படையோடு என் முதல் போர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வயோமிங் எண்ணெய்க் கிணறுகளின் சக்கரவர்த்தி ஹாலிஸ் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் காட்டெருமை மாதிரி இருக்கிறேன்.

போன சனிக்கிழமை முதல் தடவையாகக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இறங்கினேன். மணி ஒலித்ததும் ஓடி ஓடிச் சுட வேண்டும். குறியாக நிறுத்திய அட்டை மனிதர்களில் நாலாயிரம் பேரின் நெஞ்சைப் பிளந்தேன். சுடவே கூடாத பிணைக்கைதி என்று வெள்ளையடித்து வைத்த அட்டையின் மண்டையையும் சிதறடித்தேன். மாமா ரத்த ஆறு ஓடவிட்டார் என்று அக்கா பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஓடியபடியே தோட்டாக்கூட்டை மாற்றும்போது மட்டும் உடம்போடு துப்பாக்கியும் திரும்பிவிட்டது. பின்னாலேயே வந்த நடுவர் டார்லீனின் வயிற்றுக்கு நேரே அதன் வாய். "நிறுத்துய்யா!" என்று கத்தினார். விரல் விசையில் இல்லை, பயப்படாதீர்கள்.

அதோடு என்னைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். விலக்கப்பட்டவர் இங்கே வீட்டுக்குப் போவது மரியாதையில்லை. டார்லீன் ஒட்டுப்பட்டைச் சுருளை என் கையில் திணித்தார்.

"அட்டையச் சுட வந்தியா, ஆளச் சுட வந்தியா? ஓட்டைய ஒட்டு, போ!"

சாயங்காலம்வரை மற்றவர்கள் செய்த கொலைகளின் காயங்களை மூடினேன். இந்த ஊரில் என்னோடு பேசுகிறவர்கள் இந்தப் போட்டிக்காரர்கள்தான். இனி பேசுவார்களா என்றுதான் ஒரு வாரமாக யோசனை.

அப்பாவின் தடித்த பெல்ட்டில் உள்பக்கமாக இன்னும் இரண்டு துளை போட்டு அனுப்புங்கள். பச்சைத் தக்காளி ஊறுகாயும் வேண்டும்.

வாசலில் வண்டி ஹார்ன் அடிக்கிறது. டார்லீன்தான்.

"ஏய் கொலைகாரா, போட்டிக்கு வர்றியா இல்லையா?"

ஓடுகிறேன் அம்மா.

ஹாலிஸ்