வலது இமையில் சிப்பி நிறம்

இன்று மதியம் செல்வராஜ் புது ஐ ஷேடோ பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கல்லா மேசைமேல் வைத்தார். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பவுடரும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. "பூ வாசம், சந்தன வாசம் எல்லாம் ஊர்ல உள்ளவனுக்கு. நமக்கு இதுதாம்ளா" என்று சொல்லி மூக்கைப் பெட்டிக்குள் விட்டு இழுப்பீர்கள். அடுத்த நொடி நாலு தும்மல் போடுவீர்கள். என் கை தன்னால் துண்டை எடுக்கப் போனது. தும்ம ஆளில்லை என்று பிறகுதான் உறைத்தது.

செல்வராஜ் கம்பெனிச் சரக்கைப் பையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக நம் ஃபேன்சி ஸ்டோருக்கு வருகிறவர். உங்களிடம் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வாய் ஓயாமல் பேசிய மனிதர், நீங்கள் போன இந்தப் பதினோரு மாதமாக ஹேர்பின் அட்டையைப் பார்த்துத்தான் என்னோடு பேசுகிறார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பொட்டில்லாத நெற்றியைப் பார்த்து நான் சங்கடப்படக் கூடாது என்று எல்லோருமே கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மரியாதைதான். அந்த மரியாதையில் நெற்றியோடு சேர்ந்து என் முகமும் அவர்கள் கண்ணிலிருந்து போய்விட்டது. நீங்கள் இருந்தால் இதற்கும் ஏதாவது கிண்டல் வைத்திருப்பீர்கள்.

"ஒம்பது கலரு, அக்கா. மெட்ராஸ்ல நல்லாப் போவுதாம்" என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக விரலால் இழுத்துக் காட்டினார். வெள்ளைத் தாளில் ஒன்பதும் பளிச்சென்று நின்றன. வெள்ளைத் தாளில் எதுதான் நிற்காது?

உங்களிடம் யாரும் தாளில் இழுத்துக் காட்டித் தப்ப முடியாது. முதல் பரீட்சை பெட்டிக்கு. காதோரம் வைத்துக் குலுக்குவீர்கள். உள்ளே கலர்க்கட்டி ஆடினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். மூடியை இருபது தடவை திறந்து மூடுவீர்கள். கீல் கம்பி இரும்புதானா என்று காந்தத்தை ஒட்டிப் பார்ப்பீர்கள். "இந்த ஊரு உப்புக் காத்துல தண்டவாளமே துருப்பிடிக்கு. இந்தக் கம்பி நிக்குமாய்யா?" உள்ளே இருக்கும் கண்ணாடியில் உங்கள் மீசை கோணலாகத் தெரிந்தால் பெட்டி தேறாது. மூடிமேல் உள்ள தங்க எழுத்தை வேட்டி நுனியால் தேய்ப்பீர்கள். எழுத்து உதிர்ந்துவிட்டால், "பேரையே காப்பாத்தத் தெரியல, கலரையா காப்பாத்தப் போறான்?" அட்டைப் பெட்டியாக இருந்தால் எட்டு நாள் ஜன்னல் காற்றில் வைத்து, உப்பாமல் இருந்தால்தான் ஆர்டர் கொடுப்பீர்கள்.

அடுத்தது உங்கள் இடது கை. இதற்கென்றே முழங்கைக்குக் கீழே ஒரு சாண் இடத்தை மழித்து வைத்திருந்தீர்கள். ஏன் என்று கேட்டுக் கேட்டுச் சலூன்காரர் அலுத்துப்போனார். பெட்டிக்குப் பின்னால் அச்சடித்திருக்கும் இங்கிலீஷ் பெயர்களை நீங்கள் மதித்ததே இல்லை. சிவப்புக்குத் தேரி மண், அப்புறம் கருப்பட்டி, உப்பளத்து ரோஸ், நாவப்பழம் என்று நீங்களே பெயர் வைப்பீர்கள். தருவைகுளத்துப் பிள்ளை ஒன்று வந்து, "அண்ணாச்சி, கருப்பட்டி தீந்துட்டு, இருக்கா?" என்று கேட்டதும், பக்கத்தில் நின்ற பெரியவர் அவளைப் பலசரக்குக் கடைக்குப் போகச் சொன்னது நினைவிருக்கிறதா? ஒரு பெட்டியில் 'பேர்ல்' என்று ஒரு கலர் இருந்தது. "இவன் எங்க போயி முத்தப் பாத்தான்?" என்றீர்கள். "நீங்க பாத்திருக்கீங்களாக்கும்" என்றேன். "முத்துநகர்லயே பொறந்து வளந்தேன், நானும் பாத்ததில்ல. சிப்பிதான் பாத்திருக்கேன். அதனால இது சிப்பி உள்பக்கம்" என்றீர்கள். அன்றிலிருந்து அந்த மினுக்குக்கு நம் கடையில் சிப்பி நிறம் என்றுதான் பெயர்.

கையில் தேறிய பிறகுதான் என் முறை வரும். மதியம் இரண்டு மணிக்குமேல் கடைத்தெரு ஓய்ந்து கிடக்கும். வாசலுக்குள் விழுகிற வெயிலில் ஸ்டூலைப் போட்டு, "ஏளா, இங்கன வா. கண்ண மூடு" என்பீர்கள். டியூப் லைட்டு பொய் சொல்லும், வெயில் சொல்லாது என்பது உங்கள் கட்சி. கலர் இமையில் துலங்கினால் 'எடுக்கு'. சாம்பலாகத் திரிந்தால் 'எடுக்கலை'. மார்க்கு இரண்டுதான். "உன் கண்ணுல எடுத்தா ஊர்ல எல்லாக் கண்ணுலயும் எடுக்கும்" என்று முதல் தடவை நீங்கள் சொன்னபோது, என் கறுப்பைக் கேலி செய்கிறீர்கள் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டிமேல் சிரிக்கிற நீலக் கண்காரியைக் காட்டி, "இவளா நம்ம கடைக்கு வரப்போறா? வாரது பூரா நீதாம்ளா" என்றீர்கள். அதற்குமேல் கோபத்தை இழுத்துப்பிடிக்க என்னால் முடியவில்லை.

'தொற' என்று நீங்கள் சொல்லும்வரை நான் கண்ணைத் திறக்கக் கூடாது. சில நாள் வேண்டுமென்றே சொல்லாமல் இருப்பீர்கள்.

"என்ன பண்ணுதீங்க?"

"பாக்கேன்."

"கலரையா?"

"கலரையுந்தான். எல்லாரும் கண்ணத் தொறந்தா அழகு. நீ மூடுனாத்தான் அழகு. கூடவே வாயும் மூடிருதுல்லா."

கண்ணை மூடியபடியே கையை வீசுவேன். அடி உங்கள் தோளில் விழும், இல்லையென்றால் வளையல் ஸ்டாண்டில் விழும். நான் கண்ணைத் திறந்தால் கலர் மடிப்புக்குள் போய்விடும். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கண்ணாடி பார்க்க யாரால் முடியும்? அதனால் என் இமை எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அப்புறம் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, துளி மிச்சமில்லாமல் துடைத்த பிறகுதான் நான் தெருவில் இறங்குவேன். "இவளுக்கு மினுக்கு கேக்குதோ" என்று யாராவது சொல்லிவிட்டால்? உங்களோடு கடையில் இருந்த முப்பது வருஷமும் அந்தப் பயம் விடவில்லை. துடைத்துத் துடைத்து இமை சிவந்ததுதான் மிச்சம்.

உங்கள் மூடிய கண்ணை நான் நிதானமாகப் பார்த்தது ஒரே ஒரு நாள். வீட்டு முன்னறையில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் அழுகிறார்கள், நான் உங்கள் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'போதும், தொறங்க' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னேனா, சொல்லவில்லையா என்று இப்போதும் தெரியவில்லை.

உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் போன மூன்றாம் மாதம் செல்வராஜ் இதே மாதிரி ஒரு பெட்டியைத் தாளில் இழுத்துக் காட்டினார். எனக்குக் கண்ணில் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை. நெற்றியில் ஒன்றுமில்லாதவள் கண்ணில் கலர் போட்டால் எப்படி என்ற கூச்சம். சரி என்று தலையாட்டி வாங்கிவிட்டேன். புன்னைக்காயல் ஜெசிந்தா, நம் பழைய வாடிக்கைக்காரி, தங்கச்சி கல்யாணத்துக்கு அதை வாங்கிப்போனாள். கல்யாணம் முடிந்து வந்து பெட்டியைக் கல்லாமேல் வைத்தாள். மாற்றித் தரக்கூடக் கேட்கவில்லை.

"யக்கா, உங்க மேல கோவம் இல்ல. நான்தான் போட்டுவிட்டேன். மாதா கோயில் வெளிச்சத்துல பாத்தா கண்ணு மேல சாம்பல் பூசுன மாதிரி இருக்கு. ஆல்பம் பூரா அப்படித்தான் விழுந்திருக்கு. அண்ணாச்சி இருந்தா இதத் தந்திருக்க மாட்டாவ."

அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கல்யாண ஆல்பத்துக்கு நான் எங்கே போவேன்? அன்றைக்குப் பூராவும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். "கடைய விட்டுட்டு இங்க வந்திரும்மா" என்று கோயம்புத்தூரிலிருந்து மகள் வாராவாரம் சொல்கிறாள். போகலாமோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன். போகாவிட்டாலும், இனிமேல் கண்ணுக்குப் போடுகிற சாமான் எதுவும் வேண்டாம், வளையலும் ரிப்பனும் போதும் என்று முடிவு செய்திருந்தேன்.

ஆகவே இன்று 'வேண்டாம் தம்பி' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கை பெட்டியை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிவிட்டது. கட்டி ஆடவில்லை. காந்தம் ஒட்டவில்லை. தங்க எழுத்தை முந்தானையால் தேய்த்தேன், உதிரவில்லை. கண்ணாடியில் பார்க்க மீசை இல்லாததால் என் மூக்கைப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. இனி இருப்பது கண் மட்டும்.

"பேப்பர் வேண்டாம் தம்பி" என்று ஸ்டூலை வெயிலுக்கு இழுத்துப் போட்டேன். "அக்கா, நீங்க எதுக்கு..." என்று இழுத்தார். விரலில் சிப்பி நிறத்தைத் தொட்டு வலது இமையில் இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "எடுக்கான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"நல்லா இருக்குக்கா."

அரைக்கண்ணைத் திறந்தால், மனிதர் தெருவில் போகிற மினி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பஸ் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வேறு வழியில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பெட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். இப்படிப் பார்க்கலாம் என்று முப்பது வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் பார்த்தீர்கள், அது போதுமாக இருந்தது. என் மூடிய இமையை நானே பார்ப்பது இதுதான் முதல் தடவை. சுருக்கம் விழுந்த கறுத்த இமை. அதில் அந்த மினுக்கு, மணலில் கிடக்கும் சிப்பியைத் திருப்பிப் போட்டது போல. எடுக்கு. நீங்கள் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது.

ஒவ்வொன்றாகப் போட்டு, துடைத்து, ஒன்பதையும் பார்த்தேன். ஏழாவது உப்பளத்து ரோஸ். அது மட்டும் இமையில் ஏறியதும் சாம்பலாகத் திரிந்தது. மற்ற எட்டும் தேறின. ஏழாவதைக் கறுத்த பிள்ளைகள் தொட வேண்டாம் என்று சொல்லித்தான் விற்பேன் என்றதும், செல்வராஜ் ஹேர்பின் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சியேதான்" என்றார். அவர் போன பிறகு சிப்பி நிறத்தை இன்னொரு தடவை வலது இமையில் போட்டேன். அதற்குத் தேவை ஒன்றும் இல்லை. சும்மாதான் போட்டேன். அதற்குள் காலேஜ் விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக ஏறிவிட்டார்கள். எண்ணெய்ப் பஞ்சு மறந்தே போனது.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நடந்தேன். பூக்காரம்மாவிடம் சாமிக்கு ஒரு முழம் வாங்கினேன். டீக்கடையில் கொடுத்து வைக்கிற வீட்டுச் சாவியைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். எதிர்வீட்டு மதனி தண்ணீர் வந்ததா என்று கேட்டு ஐந்து நிமிஷம் நின்று பேசினாள். வீட்டைத் திறந்து முகம் கழுவப் போனபோதுதான் கண்ணாடியில் வலது இமை மினுங்கியது. மதியத்திலிருந்து அப்படியே திரிந்திருக்கிறேன். எத்தனை பேரோடு பேசினேன்! யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முப்பது வருஷம் துடைத்தேன். இன்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அழுதும் கலர் கலையவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், பெட்டி நல்ல பெட்டிதான்.

ஜெசிந்தாவுக்கு இன்னொரு தங்கச்சி இருக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தால், அந்த ஸ்டூலில் அவளை வெயிலில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, நான் பார்ப்பேன். நன்றாகப் பார்த்துத்தான் 'தொற' என்பேன். மகளிடமும் சொல்லிவிட்டேன், கோயம்புத்தூருக்கு இப்போது வருவதாக இல்லை என்று.

இமையை உடனே துடைக்கவில்லை. கண்ணாடி முன்னால் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நின்றேன். நீங்கள் வேண்டுமென்றே 'தொற' சொல்லாமல் இருப்பீர்களே, அவ்வளவு நேரம் நின்றேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஏதோ வண்டி போனது. இன்னும் கொஞ்சம் காத்துப் பார்த்தேன்.

பிறகு நானாகவே கண்ணைத் திறந்தேன்.