மோத்தியின் ரத்தம்

சுனிதாவின் அப்பாவுக்கு,

"நாயைத் தொரத்திட்டு ஃபோன் பண்ணு, வந்துடறேன்" என்று அத்திபெலேயில் உங்கள் அக்கா வீட்டிலிருந்து மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். மோத்தி இங்கேதான் இருக்கிறான். காலையில் அரைத் தட்டு தயிர்சாதம் சாப்பிட்டான்.

நான் வேலை பார்க்கும் கால்நடை ஆஸ்பத்திரி லேபிலேயே அவன் ரத்தத்தை மூன்று தடவை பார்த்தேன். உள்காயம் ஆறாமல் இருந்தால் சில என்சைம்கள் ஏறும். முதல் இரண்டு தடவையும் அவனை நீங்கள்தான் பிடித்துக்கொண்டீர்கள். அவன் நடுங்கித் திமிறியதில் ரத்த அணுக்கள் உடைந்து, ட்யூபில் மேலே தெளிய வேண்டிய நீர் சிவந்துபோனது. அப்படி ஆனால் அளவு சரியாக வராது. நான்தான் ஊசியைச் சரியாகக் குத்தவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக ஊசி குத்துகிற கை இது.

மாடிப்படியில் உருண்டு விழுந்தான் என்று நீங்கள் சொன்னதற்கும் தலையாட்டினேன். போன வருஷம் நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னபோது நீங்கள் தலையாட்டவில்லையா, அதுபோல.

நேற்று சுனிதா பிடித்துக்கொண்டாள். "பாரும்மா, ஆடவே மாட்டேங்கறான்" என்றாள். மேலே தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. என்சைம் அளவும் சரியாக இருக்கிறது, காயம் ஆறிவிட்டது.

லேப் படிவத்தில் நாயின் பெயருக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் பெயரை எழுத வேண்டும். இதுவரை உங்கள் பெயரைத்தான் எழுதினேன். நேற்று மாற்றிவிட்டேன்.

வாசல் பூட்டையும்.

இப்படிக்கு,
மோத்தியின் சொந்தக்காரி