ஏரிக்கரைப் பாதையும் உன் டேப்ரிக்கார்டரும்

போன வாரம் என் மகள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குச் சில ஃபைல்களை அனுப்ப வேண்டுமாம். எல்லாவற்றையும் அல்ல, பொறுக்கி எடுத்ததை மட்டும். எதெது, எங்கெங்கே என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் போதும், அதுவே போய் ஒவ்வொரு இடத்திலும் ஒரு காப்பி வைத்துவிட்டு, எங்கே சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்று வந்து சொல்கிறது. ஒரு இடம் மட்டும் சிவப்பாக வந்தது. "அதுக்கு மட்டும் திரும்ப அனுப்பணும்மா" என்றாள், அலட்டிக்கொள்ளாமல். நான் சிரித்துவிட்டேன். செஞ்சியில் ஒருத்தி இதையே டேப்ரிக்கார்டரையும் பஸ் கண்டக்டர்களையும் வைத்துச் செய்தாள் என்றேன். அவள் நம்பவில்லை. முன்பென்றால் போனைப் போட்டு உன்னிடமே கேட்கச் சொல்லியிருப்பேன். நீ கண்ணை மூடி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

உன் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து அனுப்பிய அந்த ரெட்டைக் கேசட் டேப்ரிக்கார்டரை உன் மாமியார் பூப்போட்ட துணியால் மூடி வைத்திருந்தார். வருகிறவர்களுக்குத் திறந்து காட்டிவிட்டுத் திரும்ப மூடிவிடுவார். நீ அந்தத் துணியை உருவிக் கைதுடைக்க வைத்துக்கொண்டாய். பஜாரைப் பார்த்த முன்னறையில் மேசையைப் போட்டு, பாட்டுக் கேசட் காப்பி போட்டுத் தரப்படும் என்று பலகையில் எழுதி மாட்டினாய். வெளிநாட்டில் இருக்கும் புருஷன்களுக்குப் பெண்கள் பேசி அனுப்பும் கேசட்டுகளும் உன்னிடம்தான் பதிவாகும். வக்கீல் ஆபீசில் டைப் அடித்து முடித்துவிட்டு நான் வந்து கேசட்டுகளின் மேல் பெயர் எழுதித் தருவேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதம் நமக்கு. உன் வீட்டில் எனக்குத் தனி டம்ளர் கிடையாது. எங்கள் ஊர் டீக்கடையில் உண்டு.

எங்கள் காலனியில் யாராவது செத்தால் நடவு வயலில் இறங்கி, முழங்கால் சேற்றில் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். ஏரிக்கரையில் நல்ல வண்டிப்பாதை இருந்தது. அதில் நாங்கள் உயிரோடு போனாலே ஊர்க்காரர்கள் முறைப்பார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது தலைவர் பதவிக்கு நின்றவர் காலனிக்கே வந்து மைக்கில் பேசினார். ஏரிக்கரைப் பாதை எல்லாருக்கும் பொது, இனிமேல் உங்கள் வீட்டுச் சாவும் அந்த வழியாகத்தான் போகும், இது என் வாக்கு என்றார். தன் பேச்சில் அவருக்கே அவ்வளவு பெருமை. பதிவு செய்து, ஜீப்பில் போட்டுக்கொண்டு சுற்ற உன்னிடம்தான் காப்பி எடுத்தார். பிறகும் தேவைப்படும் என்று மூலக் கேசட்டை உன் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஜெயித்தார். அடுத்து விழுந்த சாவுக்குப் பாதையில் மாட்டு வண்டிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். கேட்கப் போனவர்களிடம், "நான் எப்ப சொன்னேன்? யாரு சாட்சி?" என்றார். பிணம் சேற்றில்தான் போனது. என் நைனா அப்போது நெஞ்சுநோய் முற்றிப் படுத்த படுக்கை. செய்தியைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மட்டும் சேத்துல எறக்காதம்மா."

அதுவரை அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

நான் அழுதுகொண்டு உன்னிடம் வந்தேன். அந்தக் கேசட்டைக் கொண்டுபோய்த் தாலுகா ஆபீசில் கொடுத்துவிடலாம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. நீ என்னை முறைத்தாய். "ஒரே எடத்துல இருந்தா புடுங்கிடுவாங்கடி. ஊரு ஊரா இருந்தா இன்னா பண்ணுவாங்க?" முழுப் பேச்சையும் போட்டால் ஒருத்தனும் கேட்க மாட்டான் என்றாய். அந்த வாக்குக் கொடுத்த இடத்தை மட்டும் தேடிப் பிடித்து, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே நடுவே செருகினாய். பாட்டு முடியும், அவர் குரல் வரும், அடுத்த பாட்டு தொடங்கும். காப்பி மேல் காப்பி எடுத்து மிஷின் சூடேறி, அறை முழுக்கக் காய்ந்த ரப்பர் வாசனை.

அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்கள் ஓடும். கண்டக்டர்கள் எல்லாருமே உன் வாடிக்கை. வழியில் இருக்கிற டீக்கடைகளுக்கு அவர்கள் கையில் கடைக்கு ஒரு கேசட் கொடுத்தனுப்பினாய், இலவசம். பாட்டு சும்மா வந்தால் எந்த டீக்கடைக்காரர் வேண்டாம் என்பார்? சீயமங்கலத்தில் மட்டும் கடைக்காரர் தலைவருக்குச் சொந்தக்காரர். கேட்டுப் பார்த்துவிட்டு, போன பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினார். நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸில் அதே ஊர் சைக்கிள் கடைக்கு அனுப்பினாய்.

கோயிலுக்குப் போன ஜனம் முழுக்கக் கேட்டது. தலைவர் எங்கே டீ குடிக்க உட்கார்ந்தாலும் பாதை திறந்தாச்சா என்று கேட்டார்களாம். அவருடைய ஆள் உன் வாசலுக்கு வந்து, கேசட்டை மரியாதையாகக் கொடு என்று கத்தினான். நீ மூலக் கேசட்டை எடுத்து அவன் கையிலேயே வைத்தாய். "எடுத்துக்குங்க. மிச்சத்துக்கு எந்த ஊர்ல இருந்து ஆரம்பிக்கப் போறீங்க?" அவன் மறுபடியும் கத்தத் தொடங்கினான். உன்னைத் தினமும் திட்டுகிற மாமியார் உள்ளேயிருந்து வந்து, பொம்பளைங்க இருக்கிற வீட்டில் சத்தம் போடாதே என்று அவனைத் தெருவில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அறுவடைக்கு முன்பே நைனா போய்விட்டார். நீ டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். உங்கள் பக்கம் மாதிரியே எங்கள் பக்கமும் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பாதை முனை வரைக்கும் நாம் போனோம். வண்டிகள் இல்லை. ஆனால் தலைவரும் அவர் ஆட்களும் நின்றிருந்தார்கள். பாடையைத் தூக்கியவர்கள் தயங்கினார்கள். நீ மதகுக் கட்டையில் டேப்ரிக்கார்டரை வைத்துப் பட்டனை அழுத்தினாய். பாதை எல்லாருக்கும் பொது என்று அவருடைய குரலே அவருக்கு எதிரில் நின்று சொன்னது. தன் ஊர் ஆட்கள் தன்னையே பார்ப்பதை அவர் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். நம்மவர்கள் ஓரமாகவே போகப் பார்த்தார்கள். நீ விடவில்லை.

"ஓரமா இன்னாத்துக்கு போறீங்க? நடுவுல போங்க."

நைனா நடுவில் போனார். அவர் மேல் ஒரு சொட்டுச் சேறு படவில்லை.

செய்தி சவுதிக்குப் போய், உன் வீட்டுக்காரர் ஒரு கேசட் முழுக்கத் திட்டிப் பேசி அனுப்பினார். அதை எனக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அதன் மேலேயே பாட்டுப் பதிந்து விற்றாய். லீவில் வந்தவர் மிஷினைப் பிடுங்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். பலகையும் போனது. அதற்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. நீயும் மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கேசட் அனுப்பியது தப்பு என்று அவரிடம் நீ கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருஷம் எங்கள் அம்மா இறந்தபோது உன்னால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. போனில் நீ கேட்ட முதல் கேள்வி, பாதையில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்பதுதான். இல்லை என்றேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை என்றேன். உன் மூச்சு விட்டு விட்டுக் கேட்டது. அழுகிறாய் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய்.

உனக்கு அமைதி கிடைக்கட்டும் என்று உன் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. உன் கோபத்தில் பாதி என்னிடம் இருக்கிறது, அதை நான் ஆறவிடப் போவதில்லை.